செவ்வாய்ப் பயணமும் கிப்லாவும்

செவ்வாய்க்கு மனிதரை அனுப்பும் ஆயத்தம் என்றவுடன் ராக்கெட்டும் எரிபொருளுமே நினைவில் எழுகின்றன. மனிதனை ஆயத்தப்படுத்துவதே அதனினும் அரிய பணி என்போம். மாஸ்கோவில் 2010-2011இல் அறுவர் 520 நாள்கள் மூடிய கூடத்துள் வாழ்ந்து பார்த்தனர். தரையை விட்டு எழாமலே அவருட் பலர்க்கு உறக்கம் குலைந்தது.

இவ்வாயத்தத்தில் மார்க்க அறிஞர்க்கும் பங்குண்டு. 2007 அக்டோபரில், ரமளான் மாதத்தில், மலேசிய மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுக்கூர் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்றார். அந்நிலையம் ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒருமுறை புவியைச் சுற்றுவது. ஒரு நாளில் பதினாறு கதிரெழுச்சி! எத்தனை முறை சுபுஹுத் தொழுவது? அவர் புறப்படுமுன்னரே மலேசிய உலமாக்களும் அறிவியலாரும் கூடியமர்ந்து விடை வகுத்தனர். ஏவுதளத்தின் நேரப்படி ஐவேளைத் தொழுகை. இயன்றால் கஃபாவை நோக்கி, இன்றேல் அதன் நேர்மேல் வெளியை நோக்கி, அதுவும் இன்றேல் புவியை நோக்கி, எதுவும் இயலாவிடில் எத்திசையாயினும் ஆகும். நோன்பைத் திரும்பியபின் நோற்கலாம்.

செவ்வாய்க்கு இவ்விடை போதாது. ஆங்கு ஒரு பகலிரவு 24 மணி 39 நிமிடம். ஆண்டோ நம் கணக்கில் 687 நாள்கள். வானில் இரு சிறு நிலவுகள் உள. ரமளான் பிறையை எதில் காண்பது? நகைக்கத் தோன்றும். ஆனால் கஸ்னி நகரின் கிப்லாவைக் கணிக்கவென்றே அல்பிரூனி ஒரு நூல் இயற்றினார். அதனை வீண்வேலை என்று தள்ளலாகாது.

இன்றோ மதரஸாவும் இயற்பியல் கூடமும் ஒன்றையொன்று எட்டிப் பார்ப்பதில்லை. இதுவே நம் கவலை. ஆண்டுக்கு ஒருநாளேனும் இருசார் மாணவரையும் ஒரே மன்றில் அமர்த்தி, இவ்வினாக்களை அவர்முன் வைக்குமாறு சமுதாயப் பெரியோரை வேண்டுகிறோம்.