சாம்பலுக்குத் தப்பியவை

1961இல் லண்டனிலிருந்து காலனிகளுக்கு ஓர் உத்தரவு போனது: ஆட்சியைக் கைமாற்றும் முன் அரசுக்குத் தலைகுனிவு தரும் கோப்புகளை அகற்றிவிட வேண்டும். எரித்தால் சாம்பலையும் நொறுக்கிவிட வேண்டும். கடலில் போட்டால் நீரோட்டமில்லாத ஆழம் பார்த்துப் பாரம் கட்டி இறக்க வேண்டும். கென்யாவில் மிஞ்சிய சுமார் 1,500 கோப்புகள் இங்கிலாந்துக்குப் போய், பிறகு பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் ஹான்ஸ்லோப் பார்க் வளாகத்தில் பூட்டிக் கிடந்தன. 1950களில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் கிளர்ச்சியின்போது சித்திரவதைக்கு ஆளான கென்ய முதியவர்கள் தொடுத்த வழக்குதான் 2011இல் அவற்றை வெளியே கொண்டுவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து 5,228 பேருக்கு இழப்பீடு அறிவித்தது பிரிட்டன்.

பெல்ஜியக் கலைஞர் மாக்ஸ் பிங்கர்ஸ் பத்தாண்டு உழைத்து 2024இல் கொண்டுவந்த ‘ஸ்டேட் ஆஃப் எமர்ஜென்சி’ என்ற புகைப்பட நூல் இந்த வரலாற்றைத்தான் கையில் எடுக்கிறது. மாவ் மாவ் என்றதும் உலகம் நினைவுகொள்வது, 1956இல் பிடிபட்ட அதன் தலைவர்களில் ஒருவரான டெடான் கிமாதி கைவிலங்கோடு கிடக்கும் படம். எடுத்தது வென்றவன் தரப்பு. அத்தகைய காப்பகப் படங்களுக்கு நடுவே, முதுமையடைந்த முன்னாள் போராளிகள் தாங்கள் பதுங்கியதையும் அடிபட்டதையும் தம் உடலாலேயே நடித்துக் காட்டும் படங்களை பிங்கர்ஸ் வைக்கிறார். எரிக்கப்பட்ட தாளுக்கு மாற்றாக ஒரு மூதாட்டியின் தோள் சாட்சி சொல்கிறது. இதை நடிப்பு என்று ஒதுக்குபவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. விடுதலைக்குப் பிறகும் 2003 வரை சொந்த நாட்டிலேயே தடைசெய்யப்பட்டிருந்த இயக்கம் மாவ் மாவ். அவர்களிடம் வேறு காப்பகம் ஏது?

நூலை வெளியிட்டதும் பிங்கர்ஸே, 2015இல் தொடங்கிய தம்முடைய லைர் பிரஸ் வழியாக. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது, யார் பெயர் முதலில் என்பதை வேறொருவர் மேசையில் விட்டுக்கொடுக்காத பதிப்பாளரை நாங்கள் மதிக்கிறோம். ஒரு மனக்குறையும் உண்டு: இத்தகைய கலைநூல்கள் ஐரோப்பியச் சேகரிப்பாளர் அலமாரிகளுக்கே முதலில் போய்ச் சேர்கின்றன. கென்யாவின் நியேரி, முராங்கா பள்ளிகளில் மலிவுப் பதிப்பாக இது கிடைக்க வேண்டும்.

இந்த வரலாறு தமிழர்களுக்கும் அந்நியமில்லை. கென்யாவில் பத்து லட்சம் பேருக்கு மேல் முள்வேலிக் கிராமங்களில் அடைக்கப்பட்டார்கள். அதற்கு முன்மாதிரி பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த மலாயா. அங்கே பெரும்பாலும் சீனர்கள் புதுக்கிராமங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். தோட்டத் தமிழர்களும் லயங்களைவிட்டு வேலிக்குள் நகர்த்தப்பட்டார்கள். ஹான்ஸ்லோப் பார்க்கிலிருந்து வந்த மலாயாக் கோப்புகள் இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தா பாட்டிகளிடம் கேட்ட கதையோடு அவற்றைப் படிக்க முன்வரும் மலேசியத் தமிழ்க் கலைஞருக்கு, எங்கள் ஒரு முழு இதழையே ஒதுக்கித் தருகிறோம்.