அப்பாவுக்கு வைட்டமின் ஆர்டர் பண்றீங்களா? ஒரு நிமிஷம்!

வீட்டுல அறுபதைத் தாண்டினவங்க இருந்தா, ஆன்லைன் ஆர்டர்ல ஒரு வைட்டமின் டப்பாவையும் சேர்த்துப் போட்டுடுறோம். ‘வைட்டமின்தானே, என்ன ஆகிடப்போகுது?’ சரி, நல்லா சாப்பிட்டு, நடமாடிக்கிட்டு ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு அது எதுக்கு?

அமெரிக்காவில் நடந்த ‘செலக்ட்’ ஆய்வைப் பாருங்க. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள், எல்லோரும் 50 வயதைக் கடந்தவர்கள். வைட்டமின் ஈ புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தார்கள். 2011-ல் வந்த முடிவோ தலைகீழ்! தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் 17 சதவிகிதம் அதிகம். 1994-லேயே பின்லாந்தில், புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது. கேரட்ல இருக்கிற அதே சத்துதாங்க.

நம்ம வீடுகள்ல இன்னும் கவனிக்கவேண்டியது வைட்டமின் டி. வாரம் ஒன்று என்று டாக்டர் எழுதித் தரும் 60,000 யூனிட் மாத்திரை சில வாரங்களுக்கு மட்டும்தான். ஆனா, பழைய சீட்டைக் காட்டி மாசக்கணக்கில் வாங்குறவங்க உண்டு. வாரத்துக்கு ஒன்று என்பதை தினமும் ஒன்றாகப் புரிந்துகொண்டால் இன்னும் ஆபத்து. 70 வயதைத் தாண்டியவருக்கு ஒருநாள் தேவையே 800 யூனிட்தான். வைட்டமின் சி மாதிரி இது சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கிவிடும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், மலச்சிக்கல், வாந்தி, மனக்குழப்பம் என்று தொடங்கி சிறுநீரகம் வரை பாதிக்கும். சிக்கல் என்னன்னா, இதையெல்லாம் ‘வயசானா இப்படித்தான்’னு நாமே விட்டுடுவோம்.

எல்லா மாத்திரையும் வீண்னு சொல்லல. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம்; டெஸ்ட்டில் தெரிந்தால் மாத்திரை அவசியம்தான். அதேசமயம், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு, மல்டிவைட்டமினில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையையே கெடுக்கும்.

அடுத்தமுறை செக்கப் போகும்போது, வீட்ல இருக்கிற டப்பா எல்லாத்தையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்க. எது தேவைன்னு மட்டுமில்ல, எப்போ நிறுத்தணும்ங்கிற தேதியையும் சீட்டில் எழுதி வாங்கிக்கங்க.