கடிக்க முடியாத ஆப்பிள்

அப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரம், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். அவருக்கோ பாதிப் பற்கள் இல்லை. "அரைச்சுத் தரேன்பா" என்றால், "நான் என்ன கைப்பிள்ளையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வானொலியில் ஊருக்கே பேசுகிறேன். சுங்கை பாக்காப் வீட்டில் ஒருவரைச் சாப்பிட வைக்கத் தெரியவில்லை.

கடைசியில் ஓவனை நம்பினேன். முதல் நாள் சிவப்பு ஆப்பிள்கள் வெடித்துக் கூழாகின. மறுநாள் பச்சை கிரானி ஸ்மித் வாங்கினேன். அது புளிப்பானது, எளிதில் குலையாது.

4 பழங்களின் நடுத்தண்டையும் விதைகளையும் அடி ஓட்டையாகாமல் கரண்டியால் குடைந்தெடுங்கள். நடுவில் சுற்றிலும் தோலை மட்டும் கீறுங்கள். ஆவி வெளியேறும், பழம் வெடிக்காது. துருவிய குலா மலாக்கா 2 மேசைக்கரண்டி, ஒரு பிடி உலர்திராட்சை, சிறிது பட்டைத்தூள், வெண்ணெய் கலந்து நிரப்புங்கள். தட்டில் அரை கப் வெந்நீர் ஊற்றி, 180 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் வையுங்கள். கத்தி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு குலா மலாக்காவைத் தவிர்த்து, திராட்சையையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கரண்டியால் வெட்டி, ஊதி ஊதிச் சாப்பிட்டார். யாரும் ஊட்டவில்லை. தட்டை நீட்டி, "இன்னொண்ணு இருக்கா?" என்றார்.

அடுத்த முறை யாரையாவது நலம் விசாரிக்கப் போகும்போது, பழம் வாங்கும் முன் வீட்டாருக்கு ஒரு போன் போடுங்கள். அவரால் என்ன சாப்பிட முடியும் என்று கேளுங்கள்.