மூன்று கல் அடுப்பும் எங்கள் பிள்ளைகளும்



சென்ற மாதம் ஹாலிஎலவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் எங்கள் மகளிர் குழுக் கூட்டம் நடந்தது. அன்று நாங்கள் அழைக்காமலேயே ஏழெட்டு இளைஞர் யுவதிகள் வந்து பின்னால் அமர்ந்தார்கள். உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி எழுந்து, "காபன் வெளியேற்றத்தைக் குறைக்கச் சொல்லி டவுன் கடைகளிலயும் தொழிற்சாலையிலயும் பேசப் போறோம். மொதல்ல உங்க ஆதரவு வேணும்" என்றாள்.

கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா கேட்டார்: "நம்ம எரிக்கிறதே நாலு சுள்ளி. அதுல எதம்மா கொறைக்கச் சொல்ற?"

நியாயமான கேள்வி. ஓர் இலங்கையர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 1 தொன். உலக சராசரி 4 தொன்னுக்கும் மேல். லயத்தில் வாழ்பவரின் பங்கு மிகச் சொற்பம். ஆனால் அடிபடுவது நாங்கள்தான். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததை மறக்க முடியுமா? 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயலும் பதுளை மாவட்ட மலைச்சரிவுகளை விட்டுவைக்கவில்லை. பூமி சூடேறச் சூடேற இத்தகைய பெருமழை கூடும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள்.

ஆகவே அதிகம் எரிப்பவர்களே முதலில் குறைக்க வேண்டும். பிள்ளைகள் சொன்னதும் அதைத்தான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் பெருமளவு விறகு எரிகிறது. ஈர விறகாக இருந்தால், அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகிவிடும். விறகைக் கூரையின் கீழ் அடுக்கிக் காயவைத்து எரித்தால் புகையும் குறையும், நிர்வாகத்துக்கும் செலவு மிச்சம்.

சிறுபிள்ளைகள் சொல்லி யார் கேட்பார்கள் என நினைக்க வேண்டாம். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், தள்ளுவண்டியில் கரி மூட்டித் துணி தேய்ப்பவர்களுக்காகச் சூரிய சக்தியில் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். 2021 இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார்.

இதையெல்லாம் கேட்ட பின்னரும் ஒரு தாயின் முகம் தெளியவில்லை. "மிஸ், புள்ளைங்க கூட்டமா போயி கேட்டா பேரை எழுதி வச்சுக்குவாங்க. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை வாய் திறந்தால் வீடு திரும்புமோ என்று ஏங்கிய காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள்.

அப்போது மூலையில் இருந்த ஒரு அம்மா பேசினார். 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். 2009 இல் யுத்தத்தில் மகனை இழந்து, முகாமில் இருந்துவிட்டு உறவினரிடம் திரும்பி வந்தவர். "முகாமில மூணு கல்லு வச்சுச் சமைச்சன். இங்க வந்தும் அதே மூணு கல்லுதான். புகையில கண்ணும் நெஞ்சும் போச்சு. இந்தப் பிள்ளைகள் கேக்கிறது எங்களுக்காகவும்தானே? தனிய விடாதேங்கோ. நானும் கூடப் போறன்."

அதன்பின் யாரும் மறுக்கவில்லை. தொழிற்சாலைக்குப் பிள்ளைகளோடு மூன்று தாய்மார் போனார்கள். விறகுக்குக் கொட்டகை போடுவதைப் பற்றி யோசிப்பதாகப் பதில் கிடைத்திருக்கிறது. கொட்டகை இன்னும் எழவில்லை. மீண்டும் போவதாக இருக்கிறார்கள்.

எங்கள் குழுவும் ஒரு தீர்மானம் எடுத்தது. சேமிப்பிலிருந்து சிறு கடன் கொடுத்து, மூன்று கல் அடுப்பு உள்ள வீடுகளுக்கு 'அனகி' மண் அடுப்பு வாங்குகிறோம். ஒரே தீயில் இரண்டு பானை வைக்கலாம். விறகு மிச்சப்படும், சுமக்கும் பாரமும் குறையும். முதல் அடுப்பு அந்த அம்மாவுக்கே.

சகோதரிகளே, உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் ஒருநாள் இப்படி வந்து நிற்பார்கள். பயம் வரும், அது இயல்பு. ஆனால் "போகாதே" என்று சொல்லாமல், "நில், நானும் வருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.