பார்சல் லாரி அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

பார்சல் லாரி சர்வீஸ் நடத்தும் அண்ணாச்சிமார்களுக்கு,

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். படகு வேலை குறைந்த நாட்களில் உப்பு லாரியும் கன்டெய்னர் டிரெய்லரும் பட்டறைக்கு வரும். யார் பேரையும் சொல்லிச் சந்திக்கு இழுக்கப்போவதில்லை. ஒருவரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாம் ‘நம்மை இல்லை’ என்று பேப்பரை மடித்து வைத்துவிடுவீர்கள். ரசீதில் அச்சடித்த பேர்தான் வேறே தவிர, கணக்கு எல்லோரிடமும் ஒன்றுதான். அதனால் மடலும் எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கட்டும்.

எங்கள் சரக்கு என்னவென்று உங்கள் புக்கிங் கவுன்டரில் இருக்கும் தம்பிகளுக்கே தெரியாது. ‘பழைய இரும்பு’ என்று எழுதிக்கொள்கிறார்கள். இங்கே பல விசைப்படகுகளில் ஓடுவது லாரி இன்ஜின்தான். ரோட்டில் பத்து வருஷம் ஓடிய லேலண்ட் இன்ஜினை வாங்கி, ரேடியேட்டரைக் கழற்றி ஹீட் எக்ஸ்சேஞ்சர் மாட்டி, லாரி கியர்பாக்ஸ் இருந்த இடத்தில் மரைன் கியர் வைத்துக் கடலுக்கு அனுப்புகிறோம். புது மரைன் இன்ஜின் வாங்க எல்லாப் படகுக்காரரிடமும் பல லட்சம் இருப்பதில்லை. உப்புக்காற்றில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் உள்ளூர் லாரியிலேயே நிற்பதில்லை, படகில் கேட்கவே வேண்டாம். ஆகவே எங்களுக்கு எப்போதும் ஒரு பழைய பம்ப், ஒரு பழைய ஹெட், ஒரு பழைய கிராங்க் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்த ‘எங்கிருந்தாவது’ என்பது பக்கத்துத் தெரு இல்லை. சென்னை புதுப்பேட்டை 600 கிலோமீட்டர். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரி உடைக்கிற இடங்கள் ஓரளவு கிட்டே. சில சாமான் டெல்லி மாயாபுரியிலிருந்துதான் வரும். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. நம் ஊரில் இன்னும் பத்து வருஷம் உழைக்கிற இன்ஜின் அங்கே அதனால் உடைக்க வந்தது. சாமான் நல்ல சாமான், விலையும் மலிவு. ஆனால் இங்கே வந்து இறங்கும்போது அந்த மலிவு முழுக்க உங்கள் கணக்கில் வரவாகிவிடுகிறது.

ஒரு ரசீதையே பிரித்துக் காட்டுகிறேன். போன மீன்பிடித் தடைக்காலத்தில் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பெல் ஹவுசிங் வரவழைத்தேன். இன்ஜினையும் கியரையும் சேர்த்துப் பிடிக்கிற வார்ப்பிரும்புக் கூடு அது. கடைக்காரர் விலை 3,500 ரூபாய். புக் செய்யும்போது வாடகை 620 என்றார்கள். எடுக்கும் இடத்தில் கட்டுகிற ‘டூ பே’ போட்டு அனுப்பச் சொன்னேன், 620 நியாயம் என்றே பட்டது. குடோனில் எடுக்கப் போனால் ரசீதுக் கட்டணம் 100, அங்கே ஏற்றுகூலி 150, மதுரையில் வண்டி மாற்றியதற்கு கிராஸிங் என்று 200, இங்கே இறக்குகூலி 150, டெலிவரி சார்ஜ் 120. நான் போய் நின்றது குடோன் வாசலில், யாரும் என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தரவில்லை, ஆனாலும் டெலிவரி சார்ஜ். சனிக்கிழமை வந்த சரக்குக்குக் குடோனிலிருந்து போன் பண்ணவில்லை, திங்கட்கிழமை போனேன், அதற்கு டெமரேஜ் 200. ஆக 1,540 ரூபாய். சொன்னது 620, வாங்கியது 1,540.

சாக்கைப் பிரித்தால் போல்ட் போடும் காது ஒன்று உடைந்திருந்தது. வார்ப்பிரும்பு அப்படித்தான், ஓங்கிப் போட்டால் வளையாது, தெறித்துவிடும். முறிந்த இடம் பளிச்சென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. பழைய முறிவாக இருந்தால் எண்ணெயும் அழுக்கும் ஏறிக் கறுத்திருக்கும். இது வழியில் உடைந்தது என்று பட்டறைப் பையன்கூடச் சொல்வான். டெலிவரி புக்கில் ‘காது உடைந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அப்படி எழுதினால் சரக்கு தர முடியாது என்றார் கிளார்க். ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது உடைந்தால் சரக்குக்காரர் பாடு, என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

அந்த வரியைப் பற்றித்தான் அண்ணாச்சிமார்களிடம் முக்கியமாகப் பேச வேண்டும். 1865-ம் வருஷத்துச் சட்டத்தை எடுத்துவிட்டு, சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று 2007-ல் ஒன்று கொண்டுவந்தார்கள். 2011 மார்ச்சிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி உங்கள் கையில் இருக்கும்போது சரக்கு உடைந்தால், உங்கள் கவனக்குறைவு என்று நான் நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கின் மதிப்பை ஒப்படைப்புச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால், வாடகையைப்போல் பத்து மடங்கு வரை, எழுதிய மதிப்பைத் தாண்டாமல், நீங்கள் ஈடு கொடுக்க வேண்டும். 620-க்குப் பத்து மடங்கு 6,200. என் சாமான் 3,500. முழுசும் கிடைக்க வேண்டிய கணக்கு. உங்கள் கவுன்டரிலோ மதிப்புக் கட்டத்தில் எதையும் எழுதவிடுவதில்லை. ‘பழசுதானே, என்ன மதிப்பு’ என்று ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். அந்தக் கோடு யாருக்கு லாபம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

180 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்கலாமே என்று ஒரு வக்கீல் சொன்னார். கொடுத்தால் அடுத்த சரக்கு எந்தக் குடோன் மூலையில் எத்தனை நாள் கிடக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை. காதை காஸ் வெல்டிங் வைத்து ஒட்டினேன், படகுக்காரருக்கு விலையில் கழித்துக் கொடுத்தேன்.

இனி எடை விஷயம். இன்ஜின் பிளாக் அனுப்பினால் கிலோ கணக்கு. லாரிக் கதவோ டீசல் டேங்க்கோ அனுப்பினால் டேப்பை எடுத்து நீளம் அகலம் உயரம் அளந்து, கன அடிக்கு இத்தனை கிலோ என்று இல்லாத எடையை எழுதுகிறீர்கள். இடத்தை அடைக்கிற சரக்குக்கு இடத்துக் கூலி என்பது நியாயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காலி டீசல் டேங்க்குக்குள் சின்னச் சாமான்களைப் போட்டு அனுப்பினால், அளவுக் கணக்கும் வாங்கிக்கொண்டு ‘எக்ஸ்ட்ரா வெயிட்’ என்றும் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கரையில் ஒரு காலத்தில் ஏற்றுகூலியே இல்லாத சரக்கு ஒன்று இருந்தது. 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துச் சலாபம். அதற்கு முன்னால் முத்து வாங்க வந்த வியாபாரி வாங்கிய முத்து அத்தனையையும் மடியில் முடிந்துகொண்டு ரயில் ஏறியிருப்பார். எங்கள் சரக்கு அதற்கு நேர் தலைகீழ். ஆறு சிலிண்டர் இன்ஜின் அரை டன் கனம், அதன் விலையோ இறங்கிக்கொண்டே போகும். விலை இறங்கினாலும் எடை இறங்காது. புது ஹெட்டுக்கு ஆயிரம் ரூபாய் வாடகை என்றால் வாங்கினவருக்கு அது தெரியாமலே போய்விடும். பழைய ஹெட்டுக்கு அதே ஆயிரம் என்றால் கால்வாசி விலை. இந்தச் சரக்கை வாங்குகிறவர் யார் என்று பார்த்தால், புதுசு வாங்க வழியில்லாதவர்தான்.

உங்கள் செலவு எனக்குத் தெரியாதது இல்லை. லாரிகளின் வயிற்றுக்குள்தான் என் பிழைப்பும். டீசல், டயர், டிரைவர் படி எல்லாம் ஏறியிருக்கிறது. மதுரைக்கும் நமக்கும் நடுவிலேயே எலியார்பத்தி, புதூர்பாண்டியாபுரம் என்று இரண்டு சுங்கச்சாவடி. ரோட்டைச் சரியாக வைக்காமல் சுங்கம் வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2025 ஜூனில் தடை போட்டது. சில நாளிலேயே மேலே போய் அந்தத் தடைக்குத் தடை வாங்கிவிட்டார்கள். இதையெல்லாம் சேர்த்து வாடகையே ஆயிரம் என்று முதலில் சொல்லுங்கள், வாயை மூடிக்கொண்டு கட்டுகிறேன். கட்டுப்படியாகாது என்றால் சாமானையே வாங்க மாட்டேன். புக் செய்கிற இடத்தில் ஒரு தொகை, எடுக்கிற இடத்தில் இன்னொரு தொகை என்பதுதான் எங்களைக் கொல்கிறது. படகுக்காரரிடம் நான் என்ன விலை சொல்வது?

முன்கூட்டிச் சொல்ல முடியாது, நடைமுறை அப்படி என்பீர்கள். 2022 ஆகஸ்டில் அரசு விரைவுப் பேருந்துக் கழகம் தூத்துக்குடி உள்ளிட்ட ஏழு ஊர்களிலிருந்து சென்னைக்கு பார்சல் சேவை தொடங்கியபோது, 80 கிலோ வரை நம் ஊருக்கு 390 ரூபாய் என்று ஒரே வரியில் அறிவித்தார்கள். எண்ணெய் வடிகிற இன்ஜின் பாகத்தைப் பஸ் டிக்கியில் ஏற்றுவார்களா என்பது வேறு விஷயம், எங்கள் சரக்குக்கு அது ஒத்துவரவில்லை. ஆனால் தொகையை முன்னால் சொல்ல முடியும் என்று ஆகிவிட்டதல்லவா?

வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, கொழும்புக்கு வெள்ளைக்காரன் கம்பெனியோடு போட்டி போட்ட ஊர் இது. அவன் கட்டணத்தைக் குறைத்தான், இவர் குறைத்தார், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தான் என்று இன்றும் பேச்சு. அந்தப் போட்டியில் என்ன சூது இருந்தாலும், கட்டணம் என்ன என்பது துறையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஒரே தெருவில் இரண்டு பட்டறை, ஒரே எடை, ஒரே ஊரிலிருந்து சரக்கு, இரண்டு பேருக்கும் இரண்டு வாடகை.

இதன் பலன் என்னவென்று கேளுங்கள். பட்டறைக்காரர்கள் இப்போது ஆளையே சென்னைக்கு அனுப்புகிறார்கள். அவர் புதுப்பேட்டையில் டீசல் பம்பை வாங்கி, சாக்கில் சுற்றி, எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வருகிறார். காலையில் இறங்கினால் கையோடு சாமான். டீசல் வாடைக்குப் பக்கத்து சீட்டுக்காரர் திட்டுவதோடு சரி. பம்ப் அப்படி வந்துவிடும், கிராங்க் ஷாஃப்ட் வருமா? அதற்கு உங்களிடம்தான் வந்து நிற்க வேண்டும்.

எங்களுக்கு நாள் முக்கியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றி இன்ஜினைப் பிரிப்பது அப்போதுதான். சாமான் தாமதமாகி தடை முடிந்தும் படகு கரையேறியே நின்றால், காலை 5 மணிக்குப் போய் ராத்திரி 9 மணிக்குள் திரும்புகிற தொழிலில் ஒவ்வொரு நாளும் முழு நாளாகவே போகும். ஓனருக்கு மட்டுமில்லை, பங்குக்குப் போகிற ஆட்களுக்கும் அன்றைக்கு அடுப்பு எரியாது.

2025 செப்டம்பர் 22 முதல் வண்டிச் சாமான்களுக்கான ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறக்கினார்கள். அரசாங்கத்துக்கே இறக்க முடிந்திருக்கிறது. நான் உங்களை இறக்கச் சொல்லவில்லை, அதைக் கவனியுங்கள். கூலியில் ஆரம்பித்து டெலிவரி சார்ஜ் வரைக்கும் புக்கிங் ரசீதிலேயே மொத்தத் தொகையாக எழுதுங்கள், குடோனில் அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்காதீர்கள். பழைய சாமானாக இருந்தாலும் மதிப்புக் கட்டத்தில் கோடு இழுக்காமல் நாங்கள் சொல்லும் விலையை எழுதுங்கள், அதற்கு ரிஸ்க் ரேட் தனியாக வேண்டுமென்றால் சட்டம் இடம் கொடுக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்து வந்தால் உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட விடுங்கள். வார்ப்பிரும்பு என்று சாக்கின் மேல் எழுதித்தான் அனுப்புகிறோம், லோடுமேன் தம்பிகளுக்கு அதை ஒருமுறை சொல்லிவையுங்கள்.

அடுத்த தடைக்காலத்துக்கு நாமக்கல்லில் ஒரு கிராங்க்கும் இரண்டு ஹெட்டும் பேசி வைத்திருக்கிறேன். மார்ச் கடைசியில் புக் ஆகும். மூன்றுக்கும் சேர்த்து தூத்துக்குடி குடோனில் நான் கட்ட வேண்டியது மொத்தம் எவ்வளவு என்பதை, எந்தச் சர்வீஸ் முதலில் எழுத்தில் தருகிறதோ அவர்களுக்கே சரக்கு.

இப்படிக்கு,
விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர்,
தூத்துக்குடி