காப்பகம் வீடு ஆகாது

"தெருநாய் தொல்லையா? பிடித்துக்கொண்டு போய் ஏதாவது காப்பகத்தில் விட்டுவிட வேண்டியதுதானே!" இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பலருக்கும் நினைப்பு. தீரவில்லை. கண்ணில் படாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது. புதுச்சேரியில் விளையாட்டு என்றாலே உப்பளம்தான். அங்கே மைதானத்து ஓரம் சுருண்டு கிடக்கும் செவலை நாய்க்கும் இது பொருந்தும்.

கடிபடும் குழந்தைகள் பக்கம் நியாயம் இருக்கிறது. வெறிநோய் முற்றிவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது. அதனால் உத்தரவோடு சண்டை இல்லை. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: உள்ளே போன நாய் எப்படி வெளியே வரும்?

2001-ல் வந்த கருத்தடை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2023-ல் வந்த விதிகளும் நாயை அதன் தெருவுக்கே திருப்பி அனுப்பச் சொன்னவை. இந்த இடங்களில் பிடிபட்ட நாய்க்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருப்பது தத்தெடுப்பு மட்டுமே. யாரும் எடுக்காவிட்டால்? பத்து, பன்னிரண்டு வருடம் உயிர் வாழக்கூடிய ஜீவனுக்குக் கூண்டே ஆயுள் தண்டனை!

ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவன் பின்னால் ஓடியது. ஊரே பக் வாங்கக் கிளம்பியது. சப்பை மூக்கு நாய் நம் வெயிலில் மூச்சு விடத் திணறும் என்று யாரும் யோசிக்கவில்லை. இப்போது ஹஸ்கி. சைபீரியப் பனிக்கு வளர்ந்த இரட்டை ரோமத்தோடு புதுச்சேரி மே மாதத்தைத் தாங்க வேண்டுமாம்!

"நாட்டு நாய் பழகாது" என்பார்கள். டீக்கடை வாசலில் ஒரு பொறைக்காக வாலாட்டி நிற்கும் நாய் மனிதரோடு பழகாததா? "குட்டியாக இருந்தால்தான் ஒட்டும்" என்பார்கள். குட்டி எவ்வளவு பெரிதாகும், என்ன குணத்தில் வளரும் என்பதெல்லாம் யூகம். வளர்ந்த நாயிடம் இரண்டும் கண்ணெதிரே தெரியும். புது வீடு பழகச் சில வாரம் ஆகும், உண்மைதான். கல்யாணமாகி வந்த மருமகளுக்கும் ஆகிறதே!

வாடகை வீட்டுக்காரர் தயங்கினால் அது நியாயம். சொந்த வீடும், வாசலும், விலை கொடுத்து நாய் வாங்கப் பணமும் இருப்பவருக்கு என்ன சாக்கு?

அதற்காகக் கேட்டவருக்கெல்லாம் நாயைத் தூக்கிக் கொடுப்பதும் சரியல்ல. பகல் முழுக்க சங்கிலியில் கட்டிப்போட்டுக் காவலுக்கு வைக்கிற இடம் இன்னொரு கூண்டு. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வெளியூர் போனால் யார் சோறு வைப்பார்கள், தடுப்பூசிச் செலவு யாருடையது என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும். தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமே 2025 ஆகஸ்ட் 22 அன்று சொல்லியிருக்கிறது. வளர்த்த நாயைக் காரணமில்லாமல் கைவிடுவது 1960-ம் வருடச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அந்தச் சட்டம் வைத்த அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். இரண்டு டீ, நாலு வடைக் காசு! அபராதத்துக்குப் பயந்து யாரும் நாயைக் காப்பாற்றப் போவதில்லை. மனசு வேண்டும்.

நாய் வளர்க்க ஆசையா? கடைக்குப் போகும் முன் ஒரு தடவை காப்பகத்துக்குப் போங்கள். முன்னால் துள்ளும் குட்டிகளை யாராவது எடுத்துக்கொள்வார்கள். பின்வரிசையில் எழுந்து வரக்கூடத் தயங்கிப் படுத்திருக்கும் வளர்ந்த நாயைக் காட்டச் சொல்லுங்கள்.