மன்னிப்பு கிடைத்தது சரி, தங்கையின் பங்கு எங்கே?



லெந்து நாட்கள் நடக்கின்றன. உபவாசக் கூட்டம், வீட்டு ஜெபம், சாட்சி வேளை என்று எங்கே போனாலும் ஒரு வாசகம் காதில் விழுகிறது: "ஆண்டவர் என் பாவத்தையெல்லாம் மன்னித்துவிட்டார்." கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாவத்தால் யாருக்கோ ஒரு நஷ்டம் வந்திருக்குமே, அது என்ன ஆயிற்று? சாட்சி சொல்பவர் அதைச் சொல்வதில்லை. கேட்பவர்களும் கேட்பதில்லை. இதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்பதால், அடுத்தவனுக்கு நாம் கொடுக்க வேண்டியது தள்ளுபடி ஆகிவிடாது. வேதம் சொல்லும் தேவநீதியைச் சரியாகப் புரிந்துகொண்டால், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் அவசரம் கூடத்தான் செய்யும்.

என் மாணவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் நிறையப் பேர். அவர்களுக்காக இரண்டு சொற்களை விளக்கிவிட்டு மேலே போகிறேன்.

முதல் சொல் பாவம். தமிழில் இதற்கு இரண்டு முகம் உண்டு. "அவன் பாவம் செய்தான்" என்றால் குற்றம். "பாவம், அவன்" என்றால் இரக்கம். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இதற்கு 'ஹமார்த்தியா' என்று சொல்வார்கள். குறி தவறிப்போவது என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. யூதரும் சரி, மற்றவர்களும் சரி, எல்லாரும் குறி தவறியவர்களே என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்கிறார். அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மற்றவனைக் குற்றவாளி என்று தீர்த்துவிட்டு, தானும் அதையே செய்கிற மனிதனை அங்கே அவர் பிடித்து நிறுத்துகிறார். ஆகவே, "எல்லாரும் பாவிகள்" என்ற போதனையின் நோக்கம், யாரும் அடுத்தவனைவிட உயரமான திண்ணையில் உட்காரக் கூடாது என்பதுதான்.

ஆனால் நாம் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம்? "உலகத்தில் யார் சார் பாவம் செய்யாதவன்?" என்று கேட்டு, நம்முடைய குறிப்பிட்ட பாவத்தைப் பொதுவான பாவத்துக்குள் ஒளித்து வைக்கிறோம். "நான் பாவி" என்று முழங்காலில் நின்று அழுவது சுலபம். "இன்னாருடைய இவ்வளவு பணம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லத்தான் நாக்கு எழும்பாது.

இரண்டாவது சொல் நீதி. மார்ட்டின் லூத்தர் இந்தச் சொல்லோடு பட்ட பாடு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவர் அகுஸ்தீனார் சபைத் துறவி, ஜெர்மனியில் விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்தவர். ரோமர் 1:17இல் வரும் 'தேவநீதி' என்ற சொல் தனக்கு வெறுப்பாகவே இருந்தது என்று, 1545இல் தன் லத்தீன் நூல்களின் தொகுப்புக்கு எழுதிய முன்னுரையில் அவரே சொல்கிறார். காரணம், நீதி என்றால் பாவியைத் தண்டிக்கிற நீதி என்றே அவர் படித்திருந்தார். பல நாள் யோசித்த பிறகு அவருக்குப் புரிந்தது வேறு. கடவுள் தம் நீதியைப் பாவிக்குத் தானமாகக் கொடுக்கிறார், அதை விசுவாசத்தோடு பெற்றுக்கொள்பவன் நீதிமானாக எண்ணப்படுகிறான். பயந்து கிடந்த மனிதனுக்குச் சொர்க்கத்தின் கதவு திறந்ததுபோல் இருந்ததாம்.

இந்தப் போதனையில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் ஜெபிப்பதும் இதை நம்பித்தான். ஆனால் அதே லூத்தர் 1517 அக்டோபர் 31இல் 95 கருத்துகளை ஏன் எழுதினார்? பணம் கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்கினால் போதும் என்று ஜனங்கள் நினைக்கத் தொடங்கியதால்தான். முதல் கருத்திலேயே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று வைத்தார். இன்று நமக்குச் சீட்டு வாங்கவும் செலவில்லை. ஒரு ஜெபம், நாலு சொட்டுக் கண்ணீர், கணக்கு முடிந்தது என்று எழுந்து போகிறோம். லூத்தர் வழி வந்த போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட நூலில் இதற்கு 'மலிவான கிருபை' என்று பெயர் வைத்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர் அவர். கிருபையின் விலை தெரிந்த மனிதர்.

சரி, வேதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். அடைக்கலமாக வைத்த பொருளைத் தர மறுத்தவன், பறித்துக்கொண்டவன், கண்டெடுத்ததை மறைத்தவன், பொய்யாணை இட்டவன், இவர்களெல்லாம் என்ன செய்ய வேண்டும்? எடுத்ததை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்க வேண்டும். நூறு ரூபாய்க்கு நூற்றிருபது. குற்றநிவாரண பலியும் அதோடு சேர்ந்தே வருகிறது. பலி செலுத்திவிட்டேன், பணத்தைக் கேட்காதே என்று சொல்ல இடமில்லை.

எண்ணாகமம் 5 இன்னும் ஒரு படி மேலே போகிறது. நஷ்டப்பட்டவன் இறந்துபோய், வாங்கிக்கொள்ள இனத்தாரும் இல்லை என்றால்? அப்போதும் அந்தப் பொருள் எடுத்தவனுக்குச் சொந்தமாகாது. அது கர்த்தருக்குரியதாகி ஆசாரியனிடம் சேரும். ஆள் செத்தாலும் கடன் சாகவில்லை, பார்த்தீர்களா?

"அதெல்லாம் பழைய ஏற்பாடு" என்பீர்கள். இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னதைப் பாருங்கள். பலிபீடத்தின் அருகே காணிக்கையோடு நிற்கும்போது, சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன்மேல் கோபம் இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை இருந்தால் என்கிறார். நம்மால் காயப்பட்டவன் ஒருவன் இருக்கும்போது, ஆராதனைகூடக் காத்திருக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

அப்புறம் எரிகோவின் சகேயு. ஆயக்காரர் தலைவன், ஐசுவரியவான், காட்டத்தி மரத்தில் ஏறியவன். இந்தக் கதையில் எது முதலில் நடந்தது என்பது முக்கியம். இயேசு முதலில், நிபந்தனை எதுவும் வைக்காமல், அவன் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் சகேயு ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் சொன்னான். திருப்பிக் கொடுத்து அவன் கிருபையை விலைக்கு வாங்கவில்லை. கிருபை வீட்டுக்குள் வந்த பிறகு, திருட்டுச் சொத்தை வீட்டில் வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. தேவநீதி இப்படித்தான் வேலை செய்யும் என்று நான் நம்புகிறேன்.

சபைகளும் இதை மறுக்கவில்லை. கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கையில், நீதிமானாக்கப்படுவது கிருபையினாலே, நற்செயல்கள் அதன் கனிகள் என்று ஒத்துக்கொண்டார்கள். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், பாவமன்னிப்புப் பெற்றவர் திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது போன்ற பரிகாரங்களைச் செய்ய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது.

ஒரு கேள்வி நிச்சயம் வரும். சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்? ஒன்றும் கொடுக்கவில்லை. அவன் கைகள் மரத்தில் கட்டுண்டு கிடந்தன, உயிரோ போய்க்கொண்டிருந்தது. நம் கைகள் அப்படியா இருக்கின்றன? பத்திரப்பதிவு அலுவலகமும் வெகுதூரத்தில் இல்லை.

தாவீதையும் சொல்வார்கள். உரியாவைக் கொல்ல ஏற்பாடு செய்த தாவீது மன்னிப்புப் பெற்றாரே, உரியாவுக்கு என்ன திருப்பிக் கொடுத்தார்? உண்மைதான், செத்தவனை எழுப்பிக் கொடுக்க முடியாது. திரும்பக் கொடுக்கவே முடியாத நஷ்டங்கள் உலகத்தில் உண்டு. கிருபை இல்லாவிட்டால் அவற்றைச் செய்தவனுக்குக் கதி இல்லை. ஆனால் நாத்தான் சொன்ன ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டதும் தாவீதின் வாயிலிருந்து வந்த தீர்ப்பு என்ன? அந்த ஆட்டுக்காக நாலத்தனையாய்த் திருப்ப வேண்டும் என்பது. அடுத்தவன் குற்றத்துக்கு நியாயம் எது என்று நமக்கும் நன்றாகவே தெரிகிறது. நம் முறை வரும்போதுதான் கிருபை ஞாபகம் வருகிறது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நான் பார்த்தவரையில் கிறிஸ்தவக் குடும்பங்களில் அதிகமாக மறைந்து கிடக்கும் பாவம், உடன்பிறந்தவளின் பங்கு.

நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். அங்கே 1916இல் வந்த கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டத்தின் பொது விதிப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற ஆசிரியை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்தச் சட்டம் 1951லேயே செல்லாமல் போய்விட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986இல் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால், விதவையான தாய்க்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் வித்தியாசம் இல்லை.

சட்டம் இப்படி. நம் வழக்கமோ, "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே" என்பது. விடுதலைப் பத்திரத்தை நீட்டி, "ஒரு கையெழுத்துப் போட்டுவிடு, அண்ணன் உன்னைக் கைவிடமாட்டேன்" என்பது. கையெழுத்துப் போட்டால் பொறந்த வீட்டில் சாப்பாடு உண்டு, போடாவிட்டால் கிறிஸ்மஸுக்குக்கூட வாசல் மிதிக்க முடியாது என்று தெரிந்தே அவள் போடுகிறாள். அந்த நிலத்து வருமானத்தில் அண்ணன் தவறாமல் தசமபாகம் செலுத்துகிறார். தங்கையின் பணத்தில் காணிக்கை!

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. அவள் வாய் திறந்து கேட்டால், மன்னிக்கச் சொல்லி அவளுக்கே பிரசங்கம் செய்கிறோம். "சொத்துக்காகச் சண்டை போடலாமா, மன்னிக்கிறவள்தானே கிறிஸ்தவள்" என்கிறோம். எடுத்தவனுக்குக் கிருபை, இழந்தவளுக்குப் புத்திமதி. இதற்குப் பெயர் தேவநீதியா? விதவைக்கும் திக்கற்றவருக்கும் நியாயம் செய்யாதவர்களின் ஆராதனையைக் கடவுள் வெறுக்கிறார் என்றுதானே ஏசாயாவும் ஆமோசும் கத்திக் கத்திச் சொன்னார்கள்?

அவள் மன்னிப்பது அவளுக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள காரியம். அவளாகவே மனப்பூர்வமாக விட்டுக்கொடுத்தால் அது வேறு. அதை அவளிடமிருந்து பிடுங்க நமக்கு உரிமை இல்லை. நமக்கு விதிக்கப்பட்டது திருப்பிக் கொடுப்பது.

நிலம் ஒரு உதாரணம்தான். சீட்டுப் பணம், கைமாற்று, வேலை செய்தவருக்குக் கொடுக்காத கூலி, ஒரு பெண்ணைப் பற்றிப் பரப்பிய பொய், எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். பொய்யைத் திருப்பிக் கொடுப்பது எப்படி? எத்தனை பேரிடம் சொன்னோமோ அத்தனை பேரிடமும் போய், நான் சொன்னது பொய் என்று சொல்வதுதான்.

இந்த லெந்தில் இறைச்சியை விட்டிருக்கிறீர்கள், சிலர் செல்போனைக்கூட விட்டிருக்கிறீர்கள். நல்லது. கூடவே ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். யாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று பெயருக்கு எதிரே எழுதுங்கள். முழுவதும் ஒரே நாளில் முடியாவிட்டால், முதல் தவணையாவது ஈஸ்டருக்கு முன் போய்ச் சேரட்டும்.

ஒத்துக்கொள்ளாதவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். ஒத்துக்கொள்கிறவர்கள் எனக்கு 'ஆமென்' போட வேண்டாம். அந்த நேரத்தில் உங்கள் தங்கைக்கு ஒரு போன் செய்யுங்கள்.